மை இல்லாத முகம்

கண் நிறைய மை தீட்டி, புருவம் எழுதி, கன்னத்தில் ஒன்று, முகவாயில் ஒன்று, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒன்று என்று பொட்டு வைத்து, பச்சைப் பட்டுச் சட்டை மாட்டி எடுத்த போட்டோ பாஸ்போர்ட்டுக்கு ஆகாது என்று ட்ராவல்ஸ்காரர் சொல்லிவிட்டார். சொன்னதைக் கொஞ்சம் மரியாதையாகவாவது சொல்லியிருக்கலாம். "அண்ணாச்சி, இது புள்ளையா, கொலு பொம்மையா? மையெல்லாம் தொடச்சிட்டு, வெள்ளத் துணியில படுக்கப் போட்டு எடுங்க. கண்ணு தொறந்திருக்கணும், வாயி மூடியிருக்கணும், ரெண்டு காதும் தெரியணும், வேற யாரு கையும் உள்ள வரக் கூடாது. மத்தியானத்துக்குள்ள அனுப்பிருங்க" என்று செல்போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். ஆவுடையப்பன் அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டு, இரண்டு தடவையும் சிரித்தான். மடியில் கிடந்த குழந்தையும், அப்பா எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே, பல் இல்லாத வாயைத் திறந்து கூடச் சிரித்தது. வடிவு மட்டும் சிரிக்கவில்லை. அவள் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மை இருந்த தேங்காய்ச் சிரட்டையைப் பாவாடைத் துணியில் பொதிந்துகொண்டிருந்தாள்.

அந்த மையை அவள் என்ன அழகுக்கா வைத்தாள்? சவ்வரிசியைத் தீயக் கருக்கி, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி நிழலில் காயவைத்து எடுத்த மை அது. கடையில் விற்கிற டப்பா மையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. குழலி பிறந்து நாலு மாதம் ஆகிவிட்டது, நேற்றுவரை அவளை யாரும் ஒரு போட்டோ எடுத்தது இல்லை. வருசம் திரும்பாத பிள்ளையைப் போட்டோ எடுக்கக் கூடாது, ஆகாது. ஆவுடையப்பன் மஸ்கட்டில் இருந்தபோது செல்போனில் முகத்துக்கு நேராகக் காட்டியிருக்கிறாள், அது வேறு. வீடியோ ஓடிப்போய்விடும், பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி. போட்டோ அப்படி இல்லை. போட்டோ நிற்கும். நிற்கிற பொருளின்மேல்தான் கண் விழும். இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல, அவளே ராவும் பகலும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஆனால் லீவு முடிந்து அவன் திரும்பும்போது இந்தத் தடவை மூன்று பேருமாகப் போவதாக முடிவாகிவிட்டது, முகம் இல்லாமல் யாருக்குப் பாஸ்போர்ட் தருவார்கள்? சரி, எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், கண் உள்ளே போக ஓர் இடுக்குகூட இல்லாமல் மையால் அடைத்துவிடுவோம் என்று நேற்று விடிந்ததிலிருந்து உட்கார்ந்து எழுதினாள். புருவத்தை மட்டும் மூன்று தடவை அழித்து எழுதினாள். அத்தனையும் இப்போது துடைக்க வேண்டுமாம். துடைத்த முகத்தைப் போட்டோவில் நிறுத்த வேண்டுமாம். வெள்ளைத் துணியில் படுக்கப் போட வேண்டுமாம். யாரோ வேண்டுமென்றே உட்கார்ந்து, இவளுக்கு எதெல்லாம் பயம் என்று கேட்டுக் கேட்டு, அதையே சட்டமாகப் போட்டதுபோல் இருந்தது.

ஆவுடையப்பன் அதற்குள் பீரோவைத் திறந்து, பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியை உதறிக் கட்டிலில் விரித்துவிட்டான். மடிப்புகள் படியவில்லை. உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

"என்னங்க, வெள்ள வேண்டாமே."

"வெள்ளதான் வேணுங்காவ, வடிவு."

"சந்தனக் கலர்ல ஒரு விரிப்பு கெடக்கு. இந்த வெளிச்சத்துல அதும் வெள்ளையாத்தான் தெரியும்."

"மஸ்கட்டு ஏர்போட்டுல நிப்பாட்டி, இது சந்தனமா வெள்ளையான்னு கேட்டா நீயா வந்து பதில் சொல்லுவ?" என்றான். அவன் எதையும் இப்படித்தான் வேடிக்கையாகச் சொல்வான். வேடிக்கையாகச் சொன்னால் அவள் விட்டுவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவளும் விட்டுவிட்டாள்.

கீழ்வீட்டில் மாவு ஆட்ட கிரைண்டரைப் போட்டார்கள். தரை வழியாக அந்த இரைச்சல் ஏறி வந்தது; கட்டில் காலில், அவள் பாதத்தில், முழங்காலில் என்று மெல்ல மெல்லப் பரவியது. கிரைண்டர் சத்தம் அவளுக்குப் பிடிக்காது, ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் மாட்டாள். அது ஓடும்போது அரைத்தூக்கம் மாதிரி ஒன்று வரும், வீட்டில் இருக்கிற சாமான்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும், அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டி வரும். அதுவும் இப்படித்தான் இரைந்துகொண்டே இருந்தது, ராப்பகல் ஓயாமல். மூன்று வருசத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட பையன் அதற்குள் கிடந்தான். பெயர் வைக்கவில்லை. காலில் கட்டியிருந்த அட்டையில் 'சங்கரவடிவு குழந்தை' என்றுதான் எழுதியிருந்தார்கள், அவள் முழுப்பெயரை யாரும் கூப்பிடாத வீட்டில் அவன்தான் கொஞ்ச நாள் அதைச் சுமந்துகொண்டு கிடந்தான். தலையில் குல்லா, மூக்கில் குழாய், குழாய் நகராமல் இருக்க இரண்டு கன்னத்திலும் குறுக்கே வெள்ளை நாடா ஒட்டியிருந்தது, கண்ணுக்கு மேலே துணிப்பட்டி. முகம் என்று பார்த்தால் ஒரு மூக்குநுனியும் கீழுதடும்தான். ஒருநாள் நர்ஸம்மா நாடாவை மாற்றும்போது அவளை உள்ளே கூப்பிட்டாள். பட்டியை எடுத்தாள், நாடாவை உரித்தாள், புதுசு வெட்டி ஒட்டுவதற்குள் ஒரு நிமிசம் இருக்குமா, அந்த ஒரு நிமிசம் முழு முகமும் தெரிந்தது. மை இல்லை, பொட்டு இல்லை, பவுடர் இல்லை. அங்கே அதையெல்லாம் விடமாட்டார்கள். "செல்லு இருந்தா ஒண்ணு எடுத்துக்கோங்கக்கா, அண்ணனுக்கு அனுப்பலாம்லா" என்றாள் அந்த நர்ஸம்மா. நல்ல பிள்ளை. வடிவு அங்கே இருந்தே மஸ்கட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "வேண்டாம் வடிவு, வருசம் திரும்பட்டும். நான்தான் வரப்போறேன்லா, நேர்ல பாத்துக்கிடுதேன்" என்றான் அவன். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக நினைத்ததில் அவளுக்கு அன்றைக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

அவன் வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்ததை வடிவின் அண்ணன் அதற்கு முன்பே கையில் ஏந்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் போயிருந்தான். எடுத்துப் போகுமுன் துணியை விலக்கி ஒருதரம் பாரு என்று யாரோ சொன்னார்கள், அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிசம் பார்த்த முகம் போதும், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தாள். போதும் என்றுதான் நினைத்தாள். ஊறுகாய் ஜாடி மாதிரி இறுக மூடி வைத்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்று நினைத்தாள். கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம் ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. குல்லா இருக்கிறது, நாடா இருக்கிறது, நர்ஸம்மாவின் நகத்தில் இருந்த ரோஸ் நிறம்கூட இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் இருக்கிறது. கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் தேடாத இடம் இல்லை. பஸ்ஸில் அடுத்த சீட்டுக் குழந்தையின் முகத்தில் தேடினாள், ஆவுடையப்பனின் பள்ளிக்கூடத்துப் போட்டோவில் தேடினாள், கண்ணாடியில் தன் முகத்தையே அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். கனவில் வருவான், வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அதுவும் நன்றாக வளர்ந்த பையனாக, பனியன் போட்டுக்கொண்டு. ஏலே, இங்கன திரும்புலே என்று கூப்பிடுவாள். திரும்பமாட்டான். பெற்ற பிள்ளையின் முகத்தை மறந்துபோன ஒருத்தி இந்தப் பாளையங்கோட்டையில் வேறு இருப்பாளா என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்ல? மற்றவர்களிடம் சொன்னால்கூடப் போகிறது, அவனிடம் எப்படிச் சொல்ல? அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பையன் எப்படி இருந்தான், யார் சாடை என்று ஒரு வார்த்தை இந்த மூன்று வருசத்தில் அவன் வாயிலிருந்து வரவில்லை. கேட்டுவிடுவானோ என்று அவள் பயந்த பயம் கொஞ்சநஞ்சம் அல்ல. சில சமயம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்ப்பான். கேட்கப்போகிறான் என்று அவள் கையில் கரண்டியோடு காத்திருப்பாள். அவன் ரசம் கேட்பான்.

"ஏட்டி, என்ன நின்னுட்ட? மைய தொட. வெயில் நேரா வந்துட்டுன்னா பெறவு பாதி முகத்துல நெழலு விழும்."

"உள்ளங்கால்ல உள்ளது இருக்கட்டும்" என்றாள். குழலியின் வலது உள்ளங்காலிலும் ஒரு பொட்டு உண்டு. "அது போட்டோவுல வராதுல்லா?"

"காலுக்கா பாஸ்போட்டு குடுக்காவ? தாராளமா இருக்கட்டும்."

அந்த ஒன்று மிஞ்சியதில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி, வேட்டியின்மேல் கிடந்த குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் வேப்பமரம். அதன் இலைகள் வழியாக வந்த வெளிச்சம் வேட்டியில் விழுந்து, பரவி, குழந்தை ஏதோ வெள்ளைத் தண்ணீரில் மிதப்பதுபோல் கிடந்தாள். முதலில் நெற்றி. பெரிய பொட்டு லேசில் போகவில்லை, கரைந்து சாம்பல் நிறமாகப் பரவியது, மழைக்கு முன்னால் வானம் இருக்குமே அந்த நிறம். இன்னொரு பஞ்சு. மஸ்கட்டில் வேப்பமரம் இருக்குமா? இருக்கிறது என்று அவன் ஒருதரம் சொன்னான், ரோட்டோரம் வைத்திருக்கிறார்களாம். ஆறு கிடையாது. ஆற்றங்கரையில் அண்ணன் எந்த இடத்தில் குழி தோண்டினான் என்று அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை, எந்த இடம் என்று தெரியாததால் கரை முழுவதும் பையனுடையதாகிவிட்டது. பஸ் பாலத்தில் ஏறும்போதெல்லாம் இந்தக் கோடிமுதல் அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே போவாள். மஸ்கட்டுக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. முகமும் இல்லாமல், கரையும் இல்லாமல், எதை வைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு பிள்ளையை நினைப்பது? கேட்டால், இருக்கிற பிள்ளையைப் பாரு என்பார்கள். பார்க்காமலா இருக்கிறாள்? இருக்கிற பிள்ளையைப் பார்க்கப் பார்க்கத்தான் இன்னொருவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிகிறது. புருவம் போய்விட்டது. மை எழுதின புருவத்துக்குக் கீழே சொந்தப் புருவம் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது, பூனைமுடி மாதிரி நாலு மயிர், அவ்வளவுதான். பிறந்த ஏழாம் நாளிலிருந்து எழுதிய புருவத்தோடேயே பார்த்துப் பழகிய முகம். குளிப்பாட்டும்போதுகூடத் தண்ணீர் ஊற்றிய கையோடு துவட்டி, ஈரம் காயுமுன் மையை வைத்துவிடுவாள், ஒரு நொடி சும்மா விட்டதில்லை. இப்போது அது அவிழ்ந்துகொண்டே வந்தது. தன் பிள்ளையைத் தானே இதுவரை சரியாகப் பார்த்ததில்லையோ என்று அவளுக்கு ஒரு கூச்சம் வந்தது.

"போதும் வடிவு. கன்னத்துல கொஞ்சமாத்தான் இருக்கு. சவத்த விடு, தெரியாது" என்றான் ஆவுடையப்பன்.

சொன்னவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். இந்த ஊரில் அது ஒரு பேச்சே இல்லை. பஸ் போனாலும் சவத்த விடு, பால் திரிந்தாலும் சவத்த விடு என்பார்கள், அவனும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறவன்தான். ஆனால் வேட்டியும் குழந்தையும் அந்த வார்த்தையும் ஒன்றாக வந்தபோது அவன் முகம் செத்துப்போனதை அவள் பார்த்தாள். செல்போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். வேட்டியில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவினான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: வெள்ளைத் துணியை விரித்ததிலிருந்து அவனும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறான். வேடிக்கையெல்லாம் மேலே போட்டுக்கொண்ட சட்டை. அவன் கேட்காதது அக்கறை இல்லாமல் அல்ல. நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய் பிறகு எப்படிக் கேட்கும்? இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே இடத்தைச் சுற்றி, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துவிடாமல், மூன்று வருசமாக நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். பாவமாக இருந்தது. அவன்மேல் பாவமாக இருந்தது, தன்மேலும் பாவமாக இருந்தது. கீழே கிரைண்டரில் மாவு இளகிவிட்டது போல, சத்தம் மாறி, வழவழவென்று சுற்றியது.

கன்னத்தில் ஒட்டியிருந்த பிசிறு வரவில்லை. அவள் பஞ்சைக் கொஞ்சம் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தாள். குழலிக்கு அது பிடிக்கவில்லை. அழவில்லை, முகத்தை மட்டும் சுளித்தாள். இரண்டு புருவத்துக்கும் நடுவில் குறுக்காக ஒரு கோடு விழுந்தது, வாயின் இடது ஓரம் மட்டும் கீழே இறங்கியது, மேலுதடு நடுவில் கூம்பி நின்றது, யாரிடமோ ஒரு நியாயம் கேட்க வந்து, கேட்குமுன் ஒரு நிமிசம் யோசிக்கிற மாதிரி. வடிவின் கை அப்படியே நின்றது. நாடாவை உரித்தபோது இந்தக் கோடு. இதே இடது ஓரம். குல்லாவைத் தள்ளிய இடத்தில் இதே பூனைமுடிப் புருவம். இவள் உப்பிய கன்னம், அவனுக்குக் கன்னமே கிடையாது, தோல்தான். இவள் வெள்ளைத் துணி நிறையக் கிடக்கிறாள், அவன் ஒரு கையகலம்தான் இருந்தான். இருந்தாலும் அவன்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன பிறகு, யாரும் கூப்பிடாமல், தானாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டான். சுளிப்பு மெல்ல மெல்ல அவிழ்ந்தது, கோடு மறைந்தது, உதடு பழைய இடத்துக்கு வந்தது. அவன் போகவில்லை. சுளிப்பு போன பிறகும், மை இல்லாத அந்த முகத்துக்கு அடியில், தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் கிடப்பதுபோல் கிடந்தான்.

"இப்படித்தாங்க இருந்தான்" என்றாள்.

யார் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் வந்து, செல்போனைத் தலையணையில் வைத்துவிட்டு, மெல்லக் குனிந்தான். பிறகு, அவளைப் பார்க்காமல், குழந்தையையே பார்த்துக்கொண்டு, ஒற்றை வார்த்தையாகக் கேட்டான்.

"மூக்கு?"

"இதே மூக்குதான். நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் சப்பை. உங்க மூக்கு."

"நெத்தி?"

"இவளுக்கு அகலம். அவனுக்கு இத்தனைதான்" என்று இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். காட்டும்போதே அது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. "நெத்தி ஓரத்துல சன்னமா ஒரு பச்ச நரம்பு ஓடிச்சு. அழுதா மட்டும் தெரியும்."

"அழுதானா?"

"அன்னைக்கு அழுதான். சத்தம் வரல. நாடாவ உரிச்சதுக்குக் கோவம்."

"கோவம் வந்துச்சா அவனுக்கு?" என்றான். அதில் என்னவோ ஒரு பெருமை இருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததை அவன் துடைத்துக்கொள்ளவில்லை, அது மூக்கோரமாக இறங்கி வேட்டியில் சொட்டியது. வடிவும் அழுதுகொண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்தது. காதுமடல் மடங்கியிருந்தது. முகவாயில் குழி இருந்தது. கண் இமை ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து பார்த்தான். என்ன நிறம் என்று அவன் கேட்டான். மழைத்தண்ணி நிறம் என்றாள்.

நடுவில் கிடந்த குழலி தனக்கு மேலே குனிந்திருந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது. இரண்டு காதும் தெரிந்தன. யார் கையும் அவள்மேல் இல்லை. நிழல் இல்லாத வெளிச்சம் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. ட்ராவல்ஸ்காரர் கேட்டதற்கு ஓர் அணுவும் குறையாமல் அப்படியே கிடந்தாள், எடுக்கத்தான் ஆள் இல்லை. முதலில் அதைக் கவனித்தவள் வடிவுதான். செல்போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எடுங்க" என்றாள்.

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"நிக்கட்டுங்க. எடுங்க."

சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். எத்தனை நாள் பயந்த பயம் அந்த ஒரு சத்தத்தில் முடிந்துபோனது. குழலி கொட்டாவி விட்டாள். கீழே கிரைண்டரை நிறுத்தினார்கள், வீடு திடீரென்று தன் இடத்துக்கு வந்து நின்றது. பாவாடைத் துணியைப் பிரித்து, வழக்கம்போல ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வடிவு சிரட்டையில் விரலைத் தேய்த்தாள். விரல் நுனியில் மை ஏறியது. நெற்றிக்கு நேரே கொண்டுபோகும்போது ஆவுடையப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும், வடிவு" என்றான். "நான் இன்னும் பாத்து முடிக்கல."

அவள் விரலில் இருந்த மையைத் தன் உள்ளங்கையில் துடைத்துக்கொண்டு, வெளிச்சத்தை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.